வட ஐரோப்பாவில் கிறிஸ்மஸும் தொலைக்காட்சியும்

சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில் கிறிஸ்மஸின் முக்கிய நாள் டிசம்பர் 25 அல்ல. அதற்கு முந்தைய நாள். குடும்பங்கள் கூடுவதும் விருந்துண்பதும் பரிசுகள் வழங்குவதும் 24-ஆம் தேதியே. அன்றைய நேரத்தைப் பல வீடுகளில் தொலைக்காட்சியே வகுத்துக் கொடுக்கிறது என்பது நமக்கு வியப்பளிக்கலாம்.

சுவீடனில் அன்று பிற்பகல் 3 மணி, டொனால்டு டக் என்னும் வாத்தின் நேரம். அங்கே அதன் பெயர் 'கல்லே அங்கா'. 1958-இல் டிஸ்னி நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த கார்ட்டூன் தொகுப்பு அது. 1960 வாக்கில் சுவீடனுக்கு வந்தது. அப்போது அந்நாட்டில் இருந்தது ஒரே அலைவரிசை. இரண்டாவது 1969-இல்தான் தொடங்கியது. டிசம்பர் இறுதியில் ஸ்டாக்ஹோமில் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டிய வேளையில் எல்லா வீடுகளும் ஒன்றையே பார்த்தன; அதுவே பழக்கமாயிற்று. பெங்த் ஃபெல்ட்ரைக் என்பவரின் குரலில் விளக்கவுரை ஒலிக்கும். அவர் 2019-இல் இறந்துவிட்டார், குரல் நின்றுவிடவில்லை. 1970-களில் நிகழ்ச்சியைக் கைவிடும் பேச்சு எழுந்தபோது மக்கள் விடவில்லை. 2020-இல் ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் அந்நாட்டில் ஏறத்தாழ 45 இலட்சம் பேர் அதைப் பார்த்தனர். நிகழ்ச்சி முடிந்ததும் "செய்தித்தாள் வாங்கி வருகிறேன்" என்று அப்பா வெளியே போவார்; சிறிது நேரத்தில் கிறிஸ்மஸ் தாத்தா கதவைத் தட்டுவார்!

நார்வேயில் காலையிலேயே ஒரு சிண்ட்ரெல்லா படம். 1973-இல் செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்தது. இளவரசன், மாற்றாந்தாய், சிண்ட்ரெல்லா எல்லாருக்கும் குரல் கொடுப்பவர் க்னூட் ரிசான் என்ற ஒரே நடிகர்.

பெத்லகேம் குழந்தையின் இடத்தில் ஒரு வாத்தா என்று நாம் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தாத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரே இருக்கையில் அமர்ந்து, ஒரே காட்சிக்குச் சிரிக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பின்லாந்தின் வழக்கம் இவற்றினும் ஆழமானது. துர்க்கு நகரில் 24-ஆம் தேதி நண்பகலில் பேராலய மணி 12 முறை ஒலித்ததும், பிரிங்கலா மாளிகையின் மேல்மாடத்திலிருந்து 'கிறிஸ்மஸ் அமைதி' அறிவிக்கப்படுகிறது. திருவிழாவைப் பக்தியோடும் அமைதியோடும் கொண்டாடுங்கள், அமைதியைக் குலைப்பவருக்குத் தண்டனை உண்டு என்பதே அதன் சாரம். பின்னிஷ், சுவீடிஷ் ஆகிய இரு மொழிகளிலும் வாசிப்பார்கள். 1320-களிலிருந்தே, அதாவது அந்நாடு கத்தோலிக்க நாடாயிருந்த காலத்திலிருந்தே, இவ்வழக்கம் இருந்ததாகக் கருதப்படுகிறது. லூத்தரன் திருச்சபைக்கு நாடு மாறிய பின்னும் அது மறையவில்லை. வானொலி 1935 முதலும் தொலைக்காட்சி 1983 முதலும் இதை ஒலிபரப்பி, ஒளிபரப்பி வருகின்றன. சதுக்கத்துக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தனித்திருப்போரும் அதே நொடியில் அதே சொற்களைக் கேட்கிறார்கள்.

1939-இல் சோவியத் படைகள் தாக்கிய சில வாரங்களில் கிறிஸ்மஸ் வந்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி அவ்வாண்டு அறிவிப்பு வாசிக்கப்படவில்லை. 2020-இல் பெருந்தொற்றின்போது சதுக்கத்தில் கூட்டம் இல்லை. ஆயினும் மணி ஒலித்தது, அறிவிப்பு வாசிக்கப்பட்டது. மக்கள் வீடுகளில் இருந்தபடியே கேட்டார்கள்.