மலைநாட்டின் பழைய மோட்டார் வண்டிகள்

நுவரெலியாவுக்குச் சித்திரை மாதம் திருவிழாக் காலம். சமவெளியில் வெயில் சுட்டெரிக்கும் அந்நாட்களில், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மக்கள் குளிர் தேடி மலையேறி வருவர். மலர்க் காட்சியும் குதிரைப் பந்தயமும் அப்போது நடைபெறும். அவற்றோடு சேர்த்துப் பேசப்படுவது மோட்டார் வண்டிகளின் மலையேற்றப் போட்டி. மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்து செல்லும் பாதையில் 1934ஆம் ஆண்டு அப்போட்டி முதன்முதலாக நடந்தது. இலங்கையின் மோட்டார் பந்தயங்களுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. வண்டிகள் ஒவ்வொன்றாக மேலேறும். மிகக் குறைந்த நேரத்தில் மேலெல்லையை அடைந்தவர் வெற்றி பெற்றவராவார்.

வென்றவரின் பெயர் ஏட்டில் ஏறியது. அவர் எடுத்துக்கொண்ட நேரமும் ஏறியது. முதல் நாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் அந்த வண்டியின் இயந்திரத்தைத் திறந்து சீர்செய்தவரின் பெயரோ பெரும்பாலும் ஏடேறாமற் போயிற்று. மலைநாட்டில் பழைய ஆங்கில வண்டிகள் இன்றும் ஓடுகின்றன என்றால், அதற்கு உடையவரின் பற்று ஒரு காரணம். பெயர் எழுதப்படாத அந்தக் கைகளின் அறிவு மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை விட்டுவிட்டு அவ்வண்டிகளின் வரலாற்றைச் சொல்லுதல் இயலாது.

புகைவண்டிப் பாதை 1884ஆம் ஆண்டில் ஹட்டனையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் அடைந்தது. நிலையத்திலிருந்து தோட்டத்துப் பங்களாவுக்குச் செல்லக் குதிரையும் மாட்டு வண்டியுமே நெடுங்காலம் துணை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் மோட்டார் வண்டி அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே பல மைல் தூரம். பாதையோ குறுகியது, ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளத்தாக்கு. இத்தகைய பாதைக்குச் சிறிய வண்டியே ஏற்றது. 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்டின் செவன் அவ்வகையைச் சேர்ந்தது. பெரிய துரைமார் பெரிய வண்டிகளை வைத்திருக்க, இளவயதுச் சின்னத் துரைமார் இரண்டு இருக்கைகள் மட்டுமே கொண்ட விளையாட்டு வண்டிகளை விரும்பினர். அவற்றுட் சிறந்த பெயர் பெற்றது எம்.ஜி. வண்டி. ஒக்ஸ்போர்டு நகரின் மொரிஸ் கராஜஸ் என்னும் நிறுவனத்தின் முதலெழுத்துகளே அப்பெயராயின.

வண்டி வந்துவிட்டது, பழுதுபட்டால் யார் பார்ப்பது? கொழும்பு நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. இதற்கான விடை தோட்டத்திலேயே இருந்தது. மலைநாட்டில் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலை ஆலை இயந்திரங்கள் நிறைந்த இடம். கொழுந்து உருட்டும் உருளைகள், காற்று வீசும் விசிறிகள், சிரோக்கோ என்னும் உலர்த்தும் இயந்திரம் ஆகியவை அங்கே இடைவிடாது ஓடும். தோட்ட இயந்திரங்களைப் பழுது பார்க்க மலைநாட்டில் பட்டறைகள் எழுந்தன. 1854ஆம் ஆண்டில் கண்டியில் ஜோன் வாக்கர் தொடங்கிய நிறுவனமும், 1875ஆம் ஆண்டில் ஹட்டனில் தொடங்கிய பிரவுன் நிறுவனமும் அவ்வழி வந்தவையே. கொழுந்து மிகுதியாக வரும் பருவத்தில் உருளை நின்றுபோனால் பறித்த கொழுந்து வீணாகும். ஆகையால் வெளியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆலையில் வேலை செய்த தொழிலாளர், அவர்களுட் பலர் மலையகத் தமிழர், கண்ணால் பார்த்தும் கையால் செய்தும் இயந்திர வேலையைக் கற்றனர். தந்தையிடமிருந்து மகனுக்கு அது வந்தது.

அந்த ஆலை அறிவு மோட்டார் வண்டிக்கும் பொருந்தியதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டில் திருகாணிகளின் மரைக்கு ஓர் ஒழுங்கான அளவை வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை என்பது அவர் விதி. அவர் முறைப்படி, ஸ்பேனரின் மேல் பொறித்திருக்கும் எண் ஆணியின் தலையளவைக் குறிக்காது. ஆணித் தண்டின் பருமனைக் குறிக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த தேயிலை இயந்திரங்களுக்கும் இந்த அளவே. அக்கால ஆங்கில மோட்டார் வண்டிகளின் ஆணித் தலைகளுக்கும் பெரும்பாலும் இந்த அளவே. ஆகவே ஆலையில் உருளையைக் கழற்றிய ஸ்பேனர், பங்களாவில் துரையின் வண்டியையும் கழற்றியது. சுழல் தண்டைத் தாங்கும் இடங்களில் வெள்ளீயமும் அஞ்சனக்கல்லும் செம்பும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி வார்ப்பது ஆலையாளர் அறிந்த வேலை. பழைய வண்டி இயந்திரங்களின் தாங்கிகளும் அவ்வாறே வார்க்கப்பட்டவை. ஒரு தொழிலின் திறமை மற்றொரு தொழிலுக்கு இவ்வாறு வழிவிட்டது.

ஆயினும் மலை, சமவெளியில் இல்லாத சில சோதனைகளை வண்டிக்கு வைத்தது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 6,128 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்றுக் குறைந்தும் பெட்ரோல் குறையாவிட்டால், இயந்திரம் கரும்புகை கக்கும். பிளக்கில் கரி படியும். ஏற்றத்தில் வலு இழக்கும். எம்.ஜி. வண்டிகளில் இருந்த எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் இதைத் திருத்துவது எளிது. அதன் அடியிலுள்ள மரையைத் திருகி, பெட்ரோல் வரும் குழலைச் சற்று மேலே உயர்த்தினால் பெட்ரோலின் அளவு குறையும். அளவு சரியா என்று அறிய, உள்ளிருக்கும் பிஸ்டனை விரலால் சிறிதளவு தூக்கிப் பார்ப்பர். இயந்திரம் விரைந்து ஓடி அவ்வாறே நின்றுவிட்டால் பெட்ரோல் மிகுதி. அணைய முற்பட்டால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் விரைந்து, பின் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. இதற்கு வேண்டுவன ஒரு விரலும் கூர்மையான காதுமே.

தண்ணீரும் உயரத்தில் விரைவிற் கொதிக்கும். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். பழைய ஆஸ்டின் செவன் வண்டியில் நீரைச் சுழற்றும் பம்பு இல்லை. சூடான நீர் தானே மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயற்கையையே அது நம்பியிருந்தது. ஆகவே நீண்ட ஏற்றத்தில் அதற்கு ஓய்வு கொடுத்து, நீரூற்றி, மீண்டும் புறப்படுவது அறிவுடைமை. இறக்கமோ வேறு வகை இடர். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதை, 4,000 அடிக்கு மேற்பட்ட இறக்கமுடையது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அதன் உருளைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினரோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய டிரைவர்மாரின் பாடம்.

இவற்றினும் கொடியவை மழையும் மூடுபனியும். 1945ஆம் ஆண்டு முதல் 1949ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. வகையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெளியே தெரிவது இரும்புத் தகடு. உள்ளே அதைத் தாங்குவதோ ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தாலான சட்டம். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கினால், வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே மரம் உளுத்துவிடும். கதவு தாழ்ந்து தொங்குவதே முதல் அடையாளம். அப்போது கதவின் கீலை மட்டும் மாற்றுபவர் நோயை விட்டுக் குறிக்கு மருந்திடுபவராவார். சட்டத்தையே மாற்றவேண்டும். இவ்வேலையில் தச்சரும் மெக்கானிக்குக்குச் சமமானவர்.

இதே வண்டியின் இயந்திரத்தில் மற்றொரு பொறியும் உண்டு. அதன் ஆணித் தலைகள் விட்வர்த் அளவு. மரையோ பிரெஞ்சு மெட்ரிக் அளவு. மொரிஸ் நிறுவனம் 1923ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரில் வாங்கிய இயந்திர ஆலை, முன்னர் ஹொட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு உரியது. அங்கிருந்த மரை வெட்டும் கருவிகள் பிரெஞ்சு அளவின. அந்த வழக்கமே பிற்காலம் வரை தொடர்ந்தது. ஸ்பேனர் பொருந்துகிறதே என்று நம்பி வேறு ஆணியைப் பலவந்தமாகத் திருகினால், இயந்திரத்தின் மரையே அழிந்துவிடும். கழற்றிய ஆணியைக் கழற்றிய துளைக்கே திருப்பிவிடவேண்டும் என்னும் பட்டறை விதியின் அருமை இங்கே விளங்கும்.

இந்த அறிவு தழைத்திருந்த மலைநாட்டில் காலம் மாறியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என வகுத்தது. குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டன. 1975ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமாரும் போயினர். துரை போனபோது வண்டி கைமாறியது. அதற்கு விற்பனைச் சீட்டு உண்டு. ஆலையாளர் போனபோது அவர் கையிலிருந்த திறமையும் உடன் போயிற்று. அதற்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை.

அதே காலத்தில்தான் அத்திறமை மிகவும் தேவைப்பட்டது. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி குறைந்தமையால், மோட்டார் வண்டி இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு வந்தது. 1970 முதல் 1977 வரை அது மேலும் இறுகியது. புதிய வண்டி இல்லை. உதிரிப் பாகமும் அரிது. பழைய வண்டியை வைத்துக்கொள்வது அப்போது பொழுதுபோக்கு ஆகாது, வாழ்க்கைத் தேவை. தேய்ந்த உருளையைக் கடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் இடுவதும், கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்வதும் நாடெங்கும் வழக்கமாயின. தோட்டத்தில் எஞ்சியிருந்த கைகளும் நகரத்துக் கராஜ்களும் அவ்வேலையைத் தாங்கின. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. 1990ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம், தனக்கு வேண்டிய பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தது. ஒருகாலத்தில் கப்பலில் இறங்கிய வண்டிக்கு, இந்நாட்டுக் கைகள் செய்த பாகங்கள் கப்பலேறிச் சென்றன.

1977ஆம் ஆண்டில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் யப்பானிய வண்டிகள் பெருகின. ஆங்கில வண்டிகள் பல கொட்டகைகளில் ஒதுங்கின. அவ்வாறு ஒதுங்கியதை வீட்டிலேயே உயிர்ப்பிக்க விரும்புவோர் அவசரப்படுதல் ஆகாது. இறுகிப்போன இயந்திரத்தைத் தள்ளி இயக்க முயன்றால் உள்ளே முறிவு ஏற்படும். பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் எண்ணெய் ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, பின் கையால் மெல்லச் சுழற்றவேண்டும். பழைய ரப்பர் வளையங்களும் பிரேக் எண்ணெயும் ஐயத்துக்கு இடமின்றி மாற்றப்படவேண்டும். பிரேக்கில் சாதாரண இயந்திர எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டிச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி மாற்றிப் பூட்டினால் தீங்கு நேரும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படமெடுத்து, பெயரெழுதிக் கட்டிவைப்பவர் மாதங்கள் கழிந்தாலும் தடுமாறமாட்டார்.

2020ஆம் ஆண்டில் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் பெட்ரோலுக்கு மக்கள் நெடுநேரம் வரிசையில் நின்றனர். 2025ஆம் ஆண்டில் இறக்குமதிக்கு வழி திறக்கும்வரை, உள்ளதைப் பேணும் கலையின் மதிப்பை நாடு மறுமுறை உணர்ந்தது. பழைய வண்டிகளின் விலையும் புகழும் உயர்ந்தன. வண்டியின் உற்பத்தி எண்ணும் இயந்திர எண்ணும் முந்தைய உடையவர்களின் பெயர்களும் இன்று ஆர்வத்தோடு தேடி எழுதப்படுகின்றன. அந்தப் பட்டியலில் ஒரு வரி குறைகிறது. இந்த வண்டியின் வெள்ளை உலோகத்தை வார்த்தவர் யார்? சட்டத்தை மாற்றிய தச்சர் யார்? மலைக் காற்றுக்கேற்பக் கார்புரேட்டரைத் திருத்தியவர் யார்? ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இதற்கு விடை கூறக்கூடிய முதியவர் இன்னும் இருக்கலாம். கடல் கடந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களிலும் இருக்கலாம். வண்டி உடையவர் அவர்களைத் தேடிச்சென்று கேட்டு, அப்பெயர்களையும் வண்டியின் ஏட்டில் எழுதிவைத்தல் தகும். இரும்பு துருப்பிடித்தாலும் மீண்டும் வார்க்கலாம். கேட்காமல் விட்ட சொல்லை மீண்டும் பெற வழி இல்லை.