சான்று கேட்ட இலக்கியம்

எங்க காலனி இரவுப் பள்ளிக்கு வரும் தங்கச்சி ஒருத்தி ஆங்கிலம் எம்.ஏ. படிக்கிறாள். "அண்ணா, தொடக்ககால அமெரிக்க இலக்கியம்னு ஒரு தாள். பாதிரிமார் பிரசங்கத்துல ஆரம்பிச்சு எமர்சன்ல முடியுது. நமக்கு அதுல என்ன இருக்கு? தூக்கம்தான் வருது" என்றாள். தமிழ் எம்.ஏ. படிச்ச எனக்கு அந்தத் தூக்கம் தெரியும். நான் படிச்ச இலக்கிய வரலாற்றிலும் சேரிக்காரன் பேனா பிடித்ததாகப் பதிவில்லை.

ஆக, பென்னாகரத்தில் உட்கார்ந்து நாங்களே ஒரு பாடத்திட்டம் போட்டோம். பிரசங்கத்தைத் தள்ளவில்லை. முதல் வகுப்பை மட்டும் மாற்றினோம்.

முதல் வகுப்பு 1773. ஃபிலிஸ் வீட்லி, ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்டவர். அவரது கவிதை நூல் லண்டனில் அச்சானது. இதை அவரே எழுதினார் என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று நூலின் முன்பக்கத்தில் இருந்தது. வெள்ளைக் கவிஞன் எவனிடமாவது இப்படிச் சான்று கேட்டார்களா?

அடுத்த வகுப்பு 1776. மனிதர் யாவரும் சமம் என்ற விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். வீட்லியின் கவிதைகள் விமர்சிக்கவே தகுதியற்றவை என்று பின்னர் எழுதியவரும் அவரே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எவனுக்குத் தூக்கம் வரும்?

மூன்றாவது 1845. அடிமையாயிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ், ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றவர். தன் வரலாற்றின் தலைப்பிலேயே 'தானே எழுதியது' என்று போட்டார். அந்நூல் வந்த அதே மே மாதம்தான் இங்கே அயோத்திதாசர் பிறந்தார்.

கடைசி வகுப்பு நம் பக்கம். வீட்லிக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1873இல், ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. யாரிடமும் சான்று வாங்காமல் வந்த எழுத்து.

தேர்வுக்குப் பதில் ஒரே வேலை கொடுத்தோம்: உன் வீட்டுக்கு எழுத்து வந்த கதையை எழுது, மேலே டக்ளஸ் மாதிரி ஒரு வரி போடு. தங்கச்சி கொண்டுவந்த தாளில் இருந்தது: "எங்க அம்மா கைநாட்டு. அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்."

பாடத்திட்டம் அங்கேதான் தொடங்குகிறது.