கொரியக் கலங்களும் யப்பானிய நண்பர்களும்

கலைகளும் கைப்பணிகளும் நாடுகளின் எல்லைகளைக் கடந்து மக்களை ஒன்றுசேர்க்கும் என்பது அடிக்கடி கூறப்படும் கருத்தாகும். அதன் பொருட்டே கண்காட்சிகள் நடைபெறுகின்றன. கலைக்குழுக்கள் வந்து போகின்றன. ஆயின், இரு நாடுகளுள் ஒன்று மற்றையதை அடக்கியாளும்பொழுது இவ்வுறவு எத்தகையதாய் அமையும்? ஆளும் இனத்தவன் ஆளப்படும் இனத்தவனின் கைவினையைப் போற்றுவது நட்பாகுமா? அன்றி, உடைமையாளன் தன் உடைமையைக் கண்டு மகிழும் செயல்தானா? இவ்வினாவுக்கு விடைகாண முயல்வோர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொரியாவில் நிகழ்ந்த ஒரு முயற்சியை நோக்குதல் நன்று.

1910இல் யப்பானிய ஏகாதிபத்தியம் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலவிய அரச மரபு அத்துடன் முடிவுற்றது. ஆட்சியாளரைத் தொடர்ந்து யப்பானிய அலுவலரும் வணிகரும் ஆசிரியரும் அந்நாட்டிற் குடியேறினர். 1913இற் சியோல் நகருக்குச் சென்ற அசகாவா நொரிதாகா என்னும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டில் அவருடைய தம்பி தக்குமியும் அங்கு சென்று, ஆளுநராட்சியின் வனப் பகுதியில் வேலைக்கமர்ந்தார்.

1914இல் நொரிதாகா யப்பானில் யனாகி முனேயோஷி என்னும் இளம் எழுத்தாளரைக் காணச் சென்றார். யனாகியும் நண்பர்களும் நடத்திய சஞ்சிகையினர் பிரெஞ்சுச் சிற்பி ரொடினுக்கு யப்பானிய அச்சோவியங்களை அனுப்பி, பதிலாகச் சில சிறு சிற்பங்களைப் பெற்றிருந்தனர். அவற்றைப் பார்க்கும் ஆவலே நொரிதாகாவை அங்கு அழைத்துச் சென்றது. வெறுங்கையுடன் செல்ல விரும்பாத அவர் கொரியாவில் வனையப்பட்ட வெண்களிமண் சாடியொன்றைக் கொண்டு சென்றார். மேனாட்டுக் கலையிலே தோய்ந்திருந்த யனாகியின் கவனத்தை அச்சாடி கீழைநாட்டின் பெயரறியாத் தொழிலாளர்பால் திருப்பியது. 1916இல் அவர் முதன்முறையாகக் கொரியாவுக்குப் பயணமானார்.

1919 மார்ச் முதலாம் நாள் கொரிய மக்கள் விடுதலை கோரி வீதியில் இறங்கினர். ஆட்சியாளர் அதனைக் கொடூரமாக ஒடுக்கினர். பலர் கொல்லப்பட்டனர்; பல்லாயிரவர் சிறைப்பட்டனர். யப்பானிய அறிவாளர் பெரும்பாலோர் வாய்திறவாதிருந்த அவ்வேளையில், யனாகி தம் நாட்டுப் பத்திரிகையொன்றிலே கொரிய மக்கள்பால் அனுதாபங்கொண்டு எழுதினார். 1920இல் அவருடைய மனைவியாரும் பாடகியுமான கனேகோ கொரியாவில் இசைநிகழ்ச்சிகள் நடத்தினார். அவ்வாண்டிலே தோன்றிய கொரியப் பத்திரிகையான டொங்-ஆ இல்போ அதற்கு ஆதரவளித்தது. அவ்வாறு திரட்டிய பணமும் நண்பர்களின் நன்கொடைகளும் கொரியக் கைப்பணிகளுக்கென ஓர் அரும்பொருளகம் அமைக்கப் பயன்பட்டன. 1924இற் சியோலின் பழைய அரண்மனைக் கட்டடமொன்றில் அது திறக்கப்பட்டது. அதன் பெயரிலே 'தேசிய இனம்' எனப் பொருள்படும் சொல் இடம்பெறுவதை ஆட்சியாளர் விரும்பவில்லை. யனாகி அதனை நீக்க இணங்கவில்லை.

அதே அரண்மனை வளவில், அரசரின் மண்டபத்தை மறைக்கும் வண்ணம் ஆளுநராட்சியின் பெருங்கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அதற்கு இடையூறாயிருந்த குவாங்வாமுன் என்னும் தலைவாயிலை இடித்துவிட எண்ணினர். 1922இல் யனாகி அதனைக் கண்டித்து எழுதினார். யப்பான் பிறிதொரு நாட்டுக்கு அடிமைப்பட்டு, அதன் பழைய கோட்டை அன்னியரால் இடிக்கப்படுவதாகக் கற்பனை செய்து பார்க்கும்படி தம் நாட்டவரை அவர் கேட்டார். வாயில் முற்றாக அழிக்கப்படாது வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. 1926இல் ஆளுநராட்சிக் கட்டடம் நிறைவெய்தியது.

இம்முயற்சியில் யனாகியின் பெயரே பெரிதும் பேசப்பட்டதாயினும், அதன் உயிர்நாடியாய் விளங்கியவர் தக்குமி எனலாம். அவர் கொரிய மொழியைக் கற்றார்; கொரிய உடையை அணிந்தார்; கொரியர் மத்தியில் வாழ்ந்தார். மரங்கள் வெட்டப்பட்டு வறண்டிருந்த மலைகளில் மீண்டும் காடு வளர்ப்பதற்கு உதவும் வகையில் பைன் விதைகளை முளைக்கச் செய்யும் முறையொன்றைக் கண்டார். ஓய்வு நேரங்களிற் சந்தைகளுக்கும் சூளைகளுக்கும் சென்றார். கொரியரின் குறுங்கால் உணவுப் பீடங்களைப் பற்றி 1929இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். கொரிய மட்கலங்களின் பெயர்களையும் பயன்களையும் தொகுத்த அவருடைய மற்றொரு நூல் 1931இல், அவர் மறைவின் பின் வெளிவந்தது. வாங்குவோரும் சேகரிப்போரும் ஒரு கலத்துக்குத் தம் விருப்பம்போல் பெயர் சூட்டலாம். அதனைச் செய்தவனும் அதில் உண்டவனும் வழங்கிய பெயரைத் தேடியறிந்தமையே தக்குமியின் பணிச்சிறப்பு. உழைப்பவனை ஆசானாகக் கொண்டவராலேயே இது இயலும்.

1931 ஏப்பிரலில், நாற்பது வயதில், தக்குமி நியூமோனியாவால் இறந்தார். அவருடைய பாடையைச் சுமக்கக் கொரியக் கிராமத்தவர் பலர் போட்டியிட்டு முன்வந்தனர். கொரிய உடையுடனேயே அவர் கொரிய மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஆளும் இனத்தவன் ஒருவனுக்கு ஆளப்படும் மக்கள் தாமாக வழங்கிய இம்மரியாதையை எந்த ஆணையாலும் பெற்றிருக்க முடியாது.

எனினும், வரலாற்றை உணர்ச்சியால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. கொரியக் கலையின் இயல்பு துயரத்தின் அழகே என்று யனாகி எழுதியிருந்தார். போராடும் மக்களைத் துன்பத்திலே துவண்ட மக்களாகக் காட்டும் பார்வை இது எனப் பிற்காலக் கொரிய விமரிசகர் கண்டித்தனர். ஆயுதமேந்திய எதிர்ப்பை அவர் ஆதரிக்கவில்லை. 1919இன் பின் ஆட்சியாளர் கையாண்ட 'பண்பாட்டு ஆட்சி' என்னும் தந்திரத்துக்கு அரண்மனைக்குள் அமைந்த அரும்பொருளகம் இடையூறாகவும் இருக்கவில்லை. கலங்கள் போற்றப்பட்ட காலத்திலேயே கொரிய விவசாயியின் நிலம் பறிபோயிற்று. 1930களின் பிற்பகுதியிலே கொரிய மொழி பாடசாலைகளிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் மக்களின் பெயர்களும் மாற்றப்பட்டன. கைவினையை நேசிப்பது இக்கொடுமைகளைத் தடுத்துவிடவில்லை.

அவ்வாறாயின் இம்முயற்சி வீணானதா? அன்று. சேகரித்த பொருள்கள் பிறந்த மண்ணிலேயே இருத்தல் வேண்டும் என்று அந்நண்பர்கள் வற்புறுத்தினர். 1945இல் யப்பானிய ஆட்சி வீழ்ந்தபின்னரும் நொரிதாகா 1946 வரை கொரியாவிலே தங்கி அவற்றைக் கொரியரிடம் ஒப்படைத்தார். மேலும், இவ்வுறவிற் பெரிதும் பெற்றவர் யப்பானியரே. கொரியக் குயவரிடம் கண் திறந்த பின்னரே யனாகி தம் நாட்டுக் குடியானவரின் கைப்பணியைக் காணத் தொடங்கினார். மக்கட் கைவினை என்னும் பொருளுள்ள 'மிங்கேய்' என்ற சொல் 1925இலேயே உருவாயிற்று. தோக்கியோவில் அதற்கென அரும்பொருளகம் 1936இற்றான் அமைந்தது. சியோல் முந்தியது, தோக்கியோ பிந்தியது.

ஆளுநராட்சிக் கட்டடம் 1990களின் நடுப்பகுதியில் இடித்தகற்றப்பட்டது. கொரியப் போரில் அழிந்த குவாங்வாமுன் வாயில், 1968இற் கொங்கிறீற்றினாலும், பின்னர் 2010இல் மரத்தினாலும், தன் பழைய வளவிலே மீண்டும் கட்டப்பட்டது. இன்று இனங்களிடையே கலைப் பரிமாற்றம் பற்றிப் பேசும் ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றிலிருந்து சில வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்: யார் யாருடைய மொழியைக் கற்கின்றனர்? செய்த பொருள் யாரிடம் தங்குகின்றது? செய்தவனின் பெயரும் அவன் வழங்கிய சொல்லும் நிலைக்கின்றனவா? அவன் தன் உரிமைக்காக வீதியில் இறங்கும் நாளில் அவனுடைய கைவினையைப் போற்றியோர் எங்கு நிற்கின்றனர்? இறுதி வினாவுக்கு விடைகூறாத கலை நட்பு கண்காட்சி முடிவதோடு தானும் முடிந்துவிடும்.