தகவல் இருந்தது, பார்க்கத்தான் வழி இருக்கவில்லை

ஓ.எல். எழுதிவிட்டு கொம்பியூட்டர் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர், வெப்சைட் செய்வதென்றால் அழகான பக்கம் ஒன்றைச் செய்வது என்றே நினைக்கிறார்கள். வலையின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் சேர்ன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிம் பேர்னர்ஸ் லீ வலையை உருவாக்கியது அங்கேதான். 1990 முடிவில் முதல் உலாவியும் முதல் சேர்வரும் இயங்கின. ஆனால் அங்கு வேலை செய்தவர்களுக்கே அதைத் திறந்து பார்க்கப் பெரிய தேவை இருக்கவில்லை. அவர்களை இழுத்தது எது தெரியுமா? டெலிபோன் புத்தகம்!

ஊழியர்களின் தொலைபேசி இலக்கங்கள் ஒரு பெரிய ஐ.பி.எம். கணினியில் இருந்தன. ஓர் இலக்கம் தேவை என்றாலும் அந்தக் கணினிக்குள் தனியாக நுழைந்து தேட வேண்டும். அதைப் பராமரித்த பேர்ண்ட் பொல்லர்மான் இதில் கைகொடுத்தார். இடையில் ஒரு நிரல் வைக்கப்பட்டது. உலாவி ஒரு பெயரைக் கேட்கும். நிரல் பெரிய கணினியில் தேடி, விடையை ஒரு பக்கமாக்கி அனுப்பும். தகவல் இருந்த இடத்திலேயே இருந்தது, பார்க்கும் வழி மட்டும் எல்லோருக்கும் திறந்தது. இன்று நாம் பரீட்சைப் பெறுபேற்றை சுட்டெண் அடித்துப் பார்ப்பதும் இதே முறையில்தான்.

இந்த முறையின் பெறுமதி உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை நம் நாடு 2004 டிசம்பர் 26இல் கண்டது. சுனாமியில் 30,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா, ஹம்பாந்தோட்டை என்று நம் ஊர்களின் கதை உங்களுக்குத் தெரியும். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முகாம்களாகின. ஒவ்வொரு முகாமிலும் ஒரு கொப்பி, ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒரு பட்டியல். தகப்பனின் பெயர் ஒரு கொப்பியில் இருக்கும், மகன் வேறு முகாமில் தேடிக்கொண்டிருப்பான். ஓர் இடத்தில் உடுப்பு குவியும், இன்னோர் இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

அந்த நாட்களில் இலங்கையின் கணினித் துறை இளைஞர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹன' என்ற மென்பொருளைக் கட்டினார்கள். சிங்களத்தில் அதற்கு 'நிவாரணம்' என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதற்குத் தளமாக நின்றது. காணாமல் போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், எங்கே என்ன தேவை என்ற விபரங்கள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர்ந்தன. அதை உலாவியிலேயே பதியலாம், பார்க்கலாம். மூலநிரலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து விட்டார்கள். அதனால்தான் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசிய நிலநடுக்கத்திலும் அது உதவியது. ஃப்ரீ சொப்ட்வெயார் பவுண்டேசனின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதும் சஹனவுக்கே கிடைத்தது. நம் நாட்டின் துயரத்தில் பிறந்த ஒன்று உலகத்துக்குப் பயன்பட்டது. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

ஒரு விடயத்தையும் மறந்துவிடக் கூடாது. திறப்பது என்பது எல்லாவற்றையும் திறப்பதல்ல. எந்த முகாமில் தண்ணீர் இல்லை என்பதை ஊரே பார்க்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளை எங்கே தங்கியிருக்கிறது என்பதை ஊரே பார்க்கக் கூடாது. யார் எதைப் பார்க்கலாம் என்று முதலில் தீர்மானிப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

மாரி வந்தால் நமக்கு வெள்ளம். ஜமாஅத்திடம் ஒரு பட்டியல், விளையாட்டுக் கழகத்திடம் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று. தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு அவற்றை ஒன்றுசேர்க்க முடியாது. கணினி படித்த தம்பி தங்கைகள் மழைக்கு முன்னரே நாலு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்றில்லை. கேட்டால் சரியான பதில் தர வேண்டும், அவ்வளவுதான்.