ஆலை வாயிலின் பூர்வோத்தரம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியில் செங்குன்றத்தையும் காரனோடையையும் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறவர் கண்ணுக்கு முதலில் தெரிபவை உருக்காலைகளின் புகைபோக்கிகளே ஆயினும், ஓர் ஆலையின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் அதன் வாயிலே என்பது என் அபிப்பிராயம். உள்ளே வருபவர் யார், எந்த நேரத்தில் வந்தார், வெளியே செல்லும் வண்டியில் இருப்பது என்ன என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதற்காக ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சாதனத்தைக் கொண்டுவந்து வைத்தது. முந்தைய தலைமுறை வைத்ததை அகற்றியதோ அபூர்வம். ஆதலால், கம்பியில்லா அலைகளையும் அடையாள அட்டைகளையும் சோதிப்பதற்கென்று 2020-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியே முன்பணம் திரட்டி உருவான ஃபிளிப்பர் ஸீரோ என்னும் கையடக்கக் கருவியை வாங்கிவிட்டு, அதற்கு இன்னும் என்னென்ன துணைக்கருவிகள் வேண்டும் என்று கடைப் பட்டியலைப் புரட்டும் இளைஞர்களிடம், முதலில் வாயிலின் பூர்வோத்தரத்தைப் படியுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் வளாகம் அமைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, ரயில்வே பணிமனைகளிலும் பஞ்சாலைகளிலும் தொழிலாளியின் அடையாளமாக எண் பொறித்த பித்தளை வில்லை வழங்கி வந்தது. சங்கு ஊதுவதற்குள் டைம் ஆபீஸ் பலகையில் வில்லையை மாட்டியவர் வந்தவர், மாட்டாதவர் வராதவர். சிநேகிதனுடைய வில்லையையும் சேர்த்து மாட்டிவிடுகிற உபகாரிகள் எல்லா ஆலைகளிலும் இருந்தார்கள். இந்த உபகாரம் நம் நாட்டுக்கே பிரத்தியேகமானதன்று. அமெரிக்காவில் ஆபர்ன் நகரத்து நகை வியாபாரி வில்லார்டு பண்டி 1888-இல் உருவாக்கிய கடிகாரத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண்ணிட்ட தனித்தனிச் சாவி உண்டு; அதை நுழைத்ததும் எண்ணும் நேரமும் காகித நாடாவில் பதியும். பிற்காலத்தில் ஐ.பி.எம். என்று உலகப் பிரசித்தி பெற்ற நிறுவனத்தின் மூதாதைகளில் பண்டியின் கம்பெனியும் ஒன்று. ஆனால் அந்தச் சாவியையும் நண்பன் கையில் கொடுத்து அனுப்பலாம் அல்லவா? நம் நாட்டிலே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டைக் கட்டாயமாக்கிற்று. பதிவேடு சட்டத்துக்குச் சாட்சியாயிற்றே தவிர, வில்லையைக் கொண்டுவந்த கை யாருடையது என்று அதுவும் கேட்கவில்லை.

1973-இல் சார்ல்ஸ் வால்டன் என்பவர் கதவைத் திறக்கும் ரேடியோ அட்டைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்த மரபில் வந்து இன்றும் பல வாயில்களில் புழங்கும் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளில் மிக எளியவை, அருகில் வந்து கேட்கிற எவருக்கும் தம் எண்ணை ஒளிவுமறைவின்றி ஒப்புவித்துவிடும் சுபாவம் உடையவை. பித்தளை வில்லை பிளாஸ்டிக் உடுத்துக்கொண்டது என்றே இவற்றைச் சொல்லலாம். இவற்றைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த துணை எதுவும் வேண்டாம். படிக்கும் ஆன்டெனா ஃபிளிப்பர் கருவிக்குள்ளேயே இருக்கிறது. எண்ணை மறுபடி எழுதத்தக்க டி5577 வெற்று அட்டைகள் இரண்டு மூன்று போதும். இரவுக் காவலர் மதிலைச் சுற்றி வந்ததற்கு அத்தாட்சியாகத் தொட்டுச் செல்லும் உலோகப் பொத்தான்களைப் படிப்பதற்கும் கருவியிலேயே தொடுமுனைகள் உண்டு.

13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளின் கதை சற்று விஸ்தாரமானது. 1994-இல் வெளிவந்த மைஃபேர் கிளாசிக் அட்டை இரகசியச் சாவியின்றித் திறக்காது என்ற நம்பிக்கையில் பஸ் கட்டணம் முதல் கான்டீன் சாப்பாடு வரை உலகெங்கும் பரவியது. 2007 டிசம்பரில் பெர்லின் நகரத்து மாநாடு ஒன்றில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளாட்ஸ் என்னும் இருவர் அதன் மறையீட்டுப் பூட்டைச் சில்லுவிலிருந்தே ஆராய்ந்து எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட முயன்றபோது, அட்டை உற்பத்தி செய்த என்.எக்ஸ்.பி. நிறுவனம் தடை கோரி வழக்காடியும் நீதிமன்றம் இணங்கவில்லை. இவ்வளவு நடந்த பின்னும், மாற்றுவதற்குச் செலவாகும் என்ற ஒரே காரணத்தால் அவ்வட்டைகள் எத்தனையோ இடங்களில் நீடிக்கின்றன. அவற்றைச் சோதிக்கிறவருக்கு அவசியமான துணை, பலரும் அற்பமென்று கருதும் மைக்ரோ எஸ்.டி. மெமரி கார்டே; வழக்கத்தில் உள்ள சாவிகளின் அகராதியும் படித்தெடுத்த விவரங்களும் அதிலேதான் தங்குகின்றன. உருக்காலைத் தூசியில் திரிகிறவர் சிலிக்கான் உறை ஒன்றும் வாங்கிக்கொள்வது நல்லது. வைஃபை பலகை என்னும் துணைக்கருவியோ, ஆலையின் வைஃபையையும் சோதிக்க ஒப்புக்கொண்டவருக்கு மட்டுமே.

லாரிகள் செல்லும் வாயில் வேறு யுகத்தைச் சேர்ந்தது. அங்கே வரும் லாரியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக் என்னும் சுங்கக் கட்டண ஒட்டுச்சீட்டு 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாயிற்று. அது பேசுவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில். இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாமென்று 2005-இல் விலக்களிக்கப்பட்ட வரிசை அது. இவ்வகை ஒட்டுச்சீட்டைத் தன்னந்தனியாகப் படிக்கும் திறன் ஃபிளிப்பருக்குக் கிடையாது; தனியாக யு.எச்.எஃப். படிப்பான் ஒன்றை இணைத்தாக வேண்டும். அதற்கு மாறாக, தூரத்தை எட்டும் என்று ஆசை காட்டி விற்கப்படும் சக்திப் பெருக்கிகளை வாங்குமுன், கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933-ஆம் வருஷத்துச் சட்டம் நம் நாட்டில் இருந்தது என்பதையும், உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி அமைப்பில் நுழைவதை 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தண்டிக்கிறது என்பதையும் நினைவுகூர்வது உசிதம். எழுத்து மூலமான அனுமதியும், எந்தெந்த வாயில் என்ற விவரமும் கைக்கு வந்த பிறகே கடைப் பட்டியலைத் திறக்க வேண்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்த வேலை செய்வோர் மிகுந்த இந்த வட்டாரத்தில், வேலையை விட்டுச் சென்றவரின் அட்டை எண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதா என்பதே சோதனையின் முக்கிய கேள்வி என்று நான் கருதுகிறேன். அதற்கு எந்த ஆன்டெனாவும் உதவாது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவின் பதிவேட்டையும் வாயிற்கணினியின் பட்டியலையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட வேண்டியதுதான்.