ஒரே மானை ரெண்டு பேர் சுட்டால் மான் யாருக்கு? வேட்டை வழக்கமும் வனச் சட்டமும் சொல்வது என்ன?

ஒரு மான். ரெண்டு குண்டு. முதல் குண்டு பட்டும் மான் ஓடுகிறது. கொஞ்ச தூரம் தள்ளி நின்ற இன்னொருவர் சுட்டதில்தான் விழுகிறது. இப்போ மான் யாருக்கு? முதலில் அடித்தவருக்கா, விழ வைத்தவருக்கா?

விருதுநகரை ஒட்டிய சூலக்கரை மாதிரி கரிசல் ஊர்களில் இந்தப் பேச்சு மானைவிட முயலை வைத்துத்தான் அதிகம் வரும். "என் நாய்தான் முதல்ல மறிச்சது", "கம்பு வீசுனது நான்ல" என்று. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைய இந்தியாவில் அந்த மான் ரெண்டு பேருக்கும் இல்லை. அது அரசாங்கத்தின் சொத்து. சுட்ட ரெண்டு பேரும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள். ஆனால் இந்தப் பதிலுக்கு முன்னால் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலான ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

அர்ஜுனனும் வேடனும் போட்ட சண்டை

ஒரே மிருகத்தின் மீது ரெண்டு அம்பு பாய்ந்த கதைகளில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது மகாபாரத வனபருவத்தில் வருகிறது. பாசுபத அஸ்திரத்துக்காகத் தவம் இருக்கும் அர்ஜுனனைக் கொல்ல, மூகன் என்ற அசுரன் காட்டுப்பன்றி உருவில் வருகிறான். அர்ஜுனன் வில்லை வளைக்கிறான். அந்த நேரம் பார்த்து வேடன் வேஷத்தில் வந்த சிவன், இது நான் முதலில் குறி வைத்த பன்றி, நீ அடிக்காதே என்கிறார். அர்ஜுனன் காதில் வாங்கவில்லை. ரெண்டு அம்பும் ஒரே சமயத்தில் பாய, பன்றி சாகிறது.

அதன் பிறகு நடக்கும் வாக்குவாதத்தைக் கவனியுங்கள். நான் குறி வைத்ததை நீ அடித்தது வேட்டை தர்மமே இல்லை என்று அர்ஜுனன் கோபப்படுகிறான். முதலில் குறி வைத்ததும் நான்தான், செத்ததும் என் அம்பால்தான் என்கிறார் வேடன். இன்றைக்கும் உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் பேசும் ரெண்டு வாதமும் அங்கேயே வந்துவிடுகின்றன. ஒன்று 'முதல் உரிமை'. இன்னொன்று 'கொன்ற அடி'.

இதே கதையை வடமொழியில் காவியமாக எழுதிய பாரவி, தகராறை அம்பிலிருந்து தொடங்குகிறார். பன்றியின் உடம்பில் தைத்த அம்பை எடுக்க அர்ஜுனன் போகும்போது, அது எங்கள் தலைவனுடைய அம்பு என்று ஒரு வேடன் வந்து நிற்கிறான். உடம்பில் இருக்கும் குண்டு யார் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று இன்றைக்கு தடயவியல் ஆய்வகம் பார்க்கிறதே, கிட்டத்தட்ட அதே கேள்வி!

சண்டை கடைசியில் மல்யுத்தம் வரை போகிறது. தான் லிங்கத்துக்குச் சூட்டிய மாலை வேடன் தலையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று அர்ஜுனனுக்குப் புரிகிறது. வட மாவட்டங்களில் தெருக்கூத்தாகப் பார்க்கும் 'அர்ச்சுனன் தபசு' இந்தக் கதைதான். சிதம்பரம் பக்கத்தில் உள்ள திருவேட்களம் கோயிலின் தல வரலாறும் இதுதான். ஒன்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தப் பன்றி யாருக்கு என்ற கேள்விக்குக் கதையில் தீர்ப்பே கிடையாது. அஸ்திரம் கிடைத்ததும் பன்றியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அடித்தவனா, பிடித்தவனா?

மனுஸ்மிருதியின் 9-வது அத்தியாயத்தில் இதற்குச் சுருக்கமான பதில் இருக்கிறது. காட்டைத் திருத்தியவனுக்கு நிலம், அம்பு தைக்க வைத்தவனுக்கு மான். மனைவி, பிள்ளைகள் யாருக்கு உரிமை என்று பேசும் இடத்தில் உதாரணமாக வருவது இது. (அந்த உதாரணத்தை வைத்து அங்கே என்ன நியாயப்படுத்தினார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.)

ரோமானியச் சட்டம் நேர் எதிர். அடிபட்ட மிருகம் தப்பி ஓட வாய்ப்பு இருக்கும் வரை அது யாருக்கும் சொந்தமில்லை, கையில் பிடித்தவனுக்குத்தான் சொந்தம் என்றது. அமெரிக்காவில் சட்டம் படிப்பவர்கள் முதல் வருஷத்திலேயே படிக்கும் ஒரு வழக்கும் இதைப் பற்றியதுதான். போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வர, பியர்சன் என்பவர் நடுவில் புகுந்து அதைக் கொன்று எடுத்துப் போய்விட்டார். 1805-ல் நியூயார்க் நீதிமன்றம் பியர்சன் பக்கம் தீர்ப்பளித்தது. துரத்தினால் மட்டும் சொந்தமாகிவிடாது என்பதுதான் காரணம்.

வெள்ளைக்காரர்கள் இங்கே வேட்டையாடிய காலத்தில் 'முதல் ரத்தம்' என்ற வழக்கத்தை வைத்திருந்தார்கள். குதிரையில் போய் ஈட்டியால் பன்றி குத்தும் விளையாட்டில், முதலில் ரத்தம் வர வைத்தவருக்கே பெருமை. பன்றியைக் கொன்றது யார் என்பது ரெண்டாம் பட்சம்.

எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் உள்ள கலஹாரி பாலைவனத்தில் வாழும் குங் மக்களின் வழக்கம். அங்கே இறைச்சியைப் பங்கிடும் உரிமை அம்பை எய்தவருக்கு இல்லை, அந்த அம்பின் சொந்தக்காரருக்கு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், வேட்டைக்கே போகாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி மானுக்கு உரிமையாளர் ஆகலாம். நல்லா குறி பார்ப்பவனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

நம்ம பாரிவேட்டை

தென் மாவட்டங்களில் சிவராத்திரியை ஒட்டி ஊரே சேர்ந்து போகும் பாரிவேட்டையில் 'யாருக்கு' என்ற தகராறு பெரிதாக வராததற்குக் காரணம், கிடைத்ததைக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வதுதான். தனி ஆளின் வேட்டை இல்லை, ஊரின் சடங்கு. ஆனால் சட்டத்தின் முன் சடங்கு என்ற வாதம் எடுபடாது. முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் சிவராத்திரி நேரத்தில் வனத்துறை ரோந்து போவதும், கம்பு, வலை, வேட்டை நாய்களோடு ஆட்கள் பிடிபடுவதும் செய்தியாக வருகிறது.

சட்டம் சொல்வது என்ன?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் இதில் கடைசி வார்த்தை. பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் சில விஷயங்கள் இதில் இருக்கின்றன.

'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். அப்படிப் பார்த்தால், முதல் குண்டு குறி தப்பியிருந்தாலும் சுட்டவர் தப்பிக்க முடியாது. "நான் அடிச்சது சாகல, அவன் அடிச்சதுலதான் செத்துச்சு" என்ற வாதம், வேட்டைக்காரர்கள் நடுவில் மானைக் கேட்க உதவலாம். நீதிமன்றத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி!

39-வது பிரிவுதான் சொத்து பற்றியது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட விலங்கு, இறந்து கிடந்த விலங்கு, தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கு எல்லாமே மாநில அரசின் சொத்து. வேட்டைக்குப் பயன்படுத்திய துப்பாக்கி, வலை, வண்டியும் அதோடு போய்விடும். கடன் வாங்கிப் போன பைக் என்றால், கொடுத்த நண்பர்தான் வன அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 2022-ல் வந்த திருத்தத்துக்கு முன் அபராத வரம்பு 25 ஆயிரம்தான். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றாலோ, சம்பவம் சரணாலயத்துக்குள் நடந்தாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. வயலில் அடிக்கும் மானுக்கும் மலையில் அடிக்கும் மானுக்கும் தண்டனையே வேற. மயில் முதல் அட்டவணையில் இருப்பதால், அதை எங்கே கொன்றாலும் பெரிய தண்டனைதான்.

'நான் சுடல, கூடத்தான் போனேன்'

யார் சுட்டது என்பது வழக்கில் முக்கியமே இல்லையா? முக்கியம்தான், ஆனால் வேற விதத்தில். 1998 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜோத்பூர் அருகே கங்காணி கிராமத்தில் ரெண்டு வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 ஏப்ரல் 5-ம் தேதி நடிகர் சல்மான் கானுக்கு 5 ஆண்டு சிறையும் 10 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. கூட இருந்ததாகச் சொல்லப்பட்ட 4 நடிகர், நடிகைகள் விடுவிக்கப்பட்டார்கள். சல்மான் ரெண்டு நாளில் ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தார். விடுதலையான நால்வரும் அதற்காகக் காத்திருந்தது கிட்டத்தட்ட 20 வருஷம்.

ரெண்டு குண்டுக்கு நடுவில் இருப்பது மான் மட்டுமா?

மரியாதை, வழக்கம் எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே மானை ரெண்டு பேர் சுட முடிகிறது என்றால், ஒருவர் இருக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ராத்திரியில், தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு என்றால் கேட்கவே வேண்டாம். மிருகம் என்று நினைத்துக் கூட வந்த ஆளையே சுட்டுவிட்ட சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு.

பட்டாசுத் தொழில் நடக்கும் நம்ம பக்கம் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அவுட்டுக்காய். வெடிமருந்தை இரைக்குள் மறைத்து வைப்பது. காட்டுப்பன்றிக்கு என்று வைப்பார்கள். ஆனால் எது வந்து கடிக்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. ஆடு, மாடு, நாய் கடித்து வாய் சிதறியிருக்கிறது. கோவைப் பக்கம் யானைகள் செத்திருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்த மனிதர்களுக்கும் விரல் போயிருக்கிறது.

அடிபட்ட மானைப் பார்த்தால் என்ன செய்வது?

வேட்டைக்கே போகாதவருக்கும் இது வரலாம். வெயில் காலத்தில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் மானை நாய்கள் விரட்டும். நான்குவழிச் சாலையில் வண்டி மோதும். கிணற்றில் விழும்.

கூட்டம் கூடிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மான் பயத்திலேயே செத்துப்போகும் விலங்கு. காயம் சின்னதாக இருந்தாலும் துரத்தலில் உயிர் போய்விடும். நாய்களை விரட்டிவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வனத்துறைக்கோ 112-க்கோ தகவல் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்துதான். எந்த வழியில் உங்கள் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். "வண்டில அடிபட்டதுதானே" என்று கறியை வீட்டுக்குக் கொண்டுபோனால், மோதியது நீங்கள் இல்லை என்றாலும் வழக்கு உங்கள் மீதுதான் வரும்.