கவிதா மண்டலம் – கனகசுப்புரத்தினம் பாரதிதாசனான காலம்

ஒரு கவிஞரின் முதல் நூலை அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். "இளமையில் பக்திப் பாடல்கள் சில இயற்றினார்" என்று எழுதி, அடுத்த வரியிலேயே புகழ்பெற்ற நூலுக்கு வந்துவிடுவர். பாவேந்தர் பாரதிதாசன் வரலாற்றிலும் இதுவே நேர்ந்துள்ளது. தம் முப்பத்தொன்பதாம் அகவைக்கு முன்பு அவர் எழுதியவை ஏதோ மறைக்கத்தக்கன போலவும், 1930க்குப் பின்னரே அவர் 'பிறந்தார்' போலவும் நம் இலக்கிய வரலாறுகள் பேசுகின்றன. பாடநூல்கள் வழியாக அது மாணவர் உள்ளத்திலும் நிலைத்துவிட்டது. பக்தி, தேசியம், பகுத்தறிவு என்று மூன்று படிகள் வகுத்து, ஒன்றை உதறி அடுத்ததில் ஏறினார் என்று விடைத்தாளில் எழுதாத மாணவர் அரியர். இந்த வகுப்பு எளிதானது. ஆனால் அவருடைய நூற்பட்டியலோடு பொருந்துவதன்று. ஓர் இலக்கிய வட்டம் தன் பத்தாண்டை நிறைவு செய்யும் வேளையில், ஒரு வட்டத்தின் உறுப்பினராகவே முதன்முதல் அறிமுகம் செய்விக்கப்பட்ட அக்கவிஞரின் தொடக்கக் காலத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

புதுவையில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் வணிகர் கனகசபையின் மகனாகப் பிறந்தவர் சுப்புரத்தினம். தந்தையார் பெயரின் முற்பகுதியை ஏற்றுக் கனகசுப்புரத்தினம் ஆனார். திருப்புளிசாமி ஐயா, பங்காரு பத்தர், பெரியசாமி பிள்ளை ஆகியோரிடம் மரபு வழியில் தமிழ் கற்றார். கல்வே கல்லூரியில் தமிழ்த் தேர்வில் சிறந்து தேறி, 1909இல், பதினெட்டாம் அகவையிலேயே காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுத் தமிழாசிரியராகப் பணியேற்றார். இலக்கணப் பயிற்சி உண்டு, யாப்பு கைவந்தது, நினைத்தவுடன் பாடும் ஆற்றலும் இருந்தது. அன்றைய தமிழகத்தில் இத்தகைய இளம் புலவர்கள் ஊருக்கு ஒருவர் இருவரேனும் இருந்தனர். வாழ்த்துப்பாவும் இரங்கற்பாவும் வெண்பா விளையாட்டுமாக வாழ்ந்து மறைந்தவர்கள் பலர். கனகசுப்புரத்தினமும் அவ்வரிசையில் ஒருவராக நின்றிருக்கக்கூடும்.

அவ்வாறு நில்லாமற் போனதற்குப் புதுவையின் அரசியல் நிலை ஒரு காரணம். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாகையால் ஆங்கில அரசின் கை அங்கு நேரே நீளவில்லை. 1908இல் பாரதியார் அங்கு வந்தார். 'இந்தியா' இதழ் அங்கிருந்து வெளிவரலாயிற்று. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். வ.ரா. வந்து தங்கிச் சென்றார். சிறிய துறைமுக நகரொன்றின் சில தெருக்களுக்குள் அரசியலும் வேதாந்தமும் பிரெஞ்சு இலக்கியமும் புதுக்கவி முயற்சியும் ஒருங்கே பேசப்பட்ட காலம் அது. அதற்கு விதிமுறை, உறுப்பினர் கட்டணம், ஆண்டறிக்கை எதுவும் இல்லை. ஆயினும் அது ஓர் இலக்கிய வட்டமே. அதன் நடுவில் இருந்தவர் பாரதியார்.

சுப்புரத்தினம் அவ்வட்டத்துள் நுழைந்த கதை பலரும் அறிந்ததே. அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் நண்பர்கள் வேண்டியபடி பாரதியார் பாட்டொன்றைப் பாடினார். பாடலின் ஆசிரியரே அவையில் இருக்கிறார் என்பது பாடியவருக்குத் தெரியாது. பாட்டில் தோய்ந்த பாரதியார் இளைஞரின் தமிழ்ப் படிப்பை வினவி, வீட்டுக்கு வருமாறு அழைத்தார். பாரதியாரைவிட எட்டு ஆண்டுக்குச் சற்று மேல் இளையவர் அவர்.

இந்நிகழ்ச்சியைவிட இதன் பின்னர் நடந்ததே நமக்கு முதன்மையானது. பாரதியாரின் நண்பர்கள் சிலர் இவ்விளைஞருக்குக் கவிபாட வருமா என ஐயுற்றனர். பாரதியார் அவர்கள் முன்னிலையிலேயே பாடச் சொன்னார். சக்தியை எங்கும் காண்பதாக ஒரு பாட்டு அங்கேயே பிறந்தது. அப்பாட்டைத் தாமே 'சுதேசமித்திர'னுக்கு அனுப்பிய பாரதியார், தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனகசுப்புரத்தினம் எழுதியது என்று குறித்தனுப்பினார்.

'கவிதா மண்டலம்' என்ற அத்தொடரில் சற்றே நிற்க வேண்டும். "என் மாணவர்" என்று எழுதியிருக்கலாம். "புதுவையில் ஓர் இளங்கவி" என்றும் எழுதியிருக்கலாம். மாணவர் எனின் ஒருவர் மேலும் ஒருவர் கீழும் நிற்பர். மண்டலம் என்பதோ வட்டம்; அதில் இருப்போர் அனைவரும் மையத்திலிருந்து ஒரே தொலைவில் இருப்பவர். அவ்வாறு ஒரு மண்டலம் புதுவையில் பெயர்ப்பலகையோடு நடந்ததாகத் தெரியவில்லை. அறிமுக வரியிலேயே பாரதியார் அதனை உண்டாக்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இளைஞரின் முதல் தகுதி அவர் பெற்ற பட்டமன்று, குலமன்று, பதவியன்று. ஒரு கவிக்கூட்டத்தில் அவருக்கு இடம் உண்டு என்பதே. நம் மாதக் கூட்டங்களில் புதியவர் ஒருவரை அறிமுகம் செய்கையில் அவருடைய அலுவலகப் பதவியை நீட்டி முழக்கும் வழக்கம் நமக்கு இருப்பதையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

பாரதியாரிடம் அவர் பெற்றது எளிமை. மரபுப் புலமையின் இறுக்கத்திலிருந்து தம்மை விடுவித்தவர் பாரதியாரே என்பதை அவர் பல இடங்களில் நன்றியோடு குறித்திருக்கிறார். பாரதியார் 1918இல் புதுவையை விட்டு நீங்கினார், 1921இல் மறைந்தார். ஆசான் அருகில் இருந்த காலம் பத்தாண்டு கூட இல்லை.

1920களில் மயிலம் முருகன்மீது அவர் பாடிய நூல்கள் வெளிவந்தன. 'மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' 1926இல் வந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலம் புதுவையார்க்கு நெருங்கிய முருகன் தலம். குன்றின்மேல் கோயில், பொம்மபுர ஆதீனத்தின் தமிழ்ச் சூழல். அங்கே அவர் பாடியவற்றுள் வண்ணப்பாட்டு ஒன்று. வண்ணம் என்பது எளிய யாப்பன்று. அருணகிரிநாதர் வழி வந்த சந்தக் குழிப்பில் குறில் நெடிலும், வல்லின மெல்லினமும் ஒவ்வோரடியிலும் அதே இடத்தில் மீண்டும் வந்து விழ வேண்டும். ஓரெழுத்து பிசகினும் காது உடனே காட்டிக் கொடுத்துவிடும். பிற்காலப் பாரதிதாசனின் பாட்டில் நாம் வியக்கும் ஓசை வேகமும், பறையடித்தாற் போன்ற சந்த முடுக்கும் வானத்திலிருந்து வந்தவை அல்ல. மயிலத்தில் முருகனை முன்னிறுத்திச் செய்த கடும் பயிற்சிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்நூல்களை அவர் கொள்கைக்காக ஒதுக்கலாம். அவருடைய யாப்பை ஆராய்வோர் ஒதுக்குவதற்கில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். கவிஞரே பின்னர் முதன்மை தராதவற்றை நாம் ஏன் தோண்டி எடுக்க வேண்டும்? அது அவருக்குச் செய்யும் அறமா? பகுத்தறிவுப் பாவலரைப் 'பக்தர்' என்று காட்ட விரும்புவோர் கையில் இவை கருவியாகும் என்று அஞ்சுவோரும் உளர். அச்சம் முற்றும் பொருளற்றதன்று; அவ்வாறு பயன்படுத்த முயன்றவர் இல்லாமலில்லை. ஆயினும் மறைப்பதால் அம்முயற்சிக்கு வலிமை கூடுமே தவிரக் குறையாது. உள்ளதை உள்ளபடி வைத்து, அதிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டார் என்று காட்டுவதே ஆய்வாளர் கடன்.

எதை எடுத்துக்கொண்டார் என்பதற்கு 1930ஆம் ஆண்டு நல்ல சான்று. உப்பு அறப்போர் நடந்த ஆண்டு அது. 'கதர் இராட்டினப் பாட்டு', 'சிறுவர் சிறுமியர் தேசிய கீதம்', 'தொண்டர் வழிநடைப் பாட்டு' ஆகிய சிறு நூல்கள் அவ்வாண்டைச் சேர்ந்தவை. அதே ஆண்டில்தான் 'தாழ்த்தப்பட்டார் சமத்துவப் பாட்டு', 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' ஆகியனவும் வந்தன. சுயமரியாதை இயக்கத்தில் அவர் ஈடுபாடு கொண்டது 1928 அளவில் என்பர். அப்படியாயின் மூன்று படிகள் எங்கே? ஒரே ஆண்டில் ஒரே கையிலிருந்து இராட்டையும் சமத்துவமும் ஒருங்கே பாடப்பட்டிருக்கின்றன. மனம் மாறும் காலத்தில் ஒரு மனிதர் நாட்காட்டியின் தாளைக் கிழிப்பது போலப் பழையதைக் கிழித்தெறிவதில்லை.

'வழிநடைப் பாட்டு' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். காவடி சுமந்து மலைக்கோயிலுக்கு நடப்போர் களைப்புத் தோன்றாமல் பாடிச் செல்வது வழிநடைச் சிந்து. காலடிக்கு ஏற்ப அடி அமையும். ஒருவர் பாடப் பலர் வாங்கிப் பாடுவர். அவ்வடிவத்தை அவர் தொண்டர்களுக்குக் கொடுத்தார். நடப்பவரும் மாறினர்; போய்ச் சேரும் இடமும் மாறிற்று; நடை மாறவில்லை. சமத்துவப் பாட்டிலும் அச்சிறு நூல்களின் இயல்பே தொடர்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் செவியால் வாங்கி வாயால் திருப்பித் தரக்கூடிய பாட்டு அது. காலணா, அரையணாக் குஜிலி என்று புலவர் எள்ளி நகையாடிய சந்தைப் பாட்டு நூல்களின் உலகை அவர் தாழ்வாகக் கருதியதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும்.

'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' இவற்றிலிருந்து வேறுபட்டது. அது நெடும்பாட்டு, வெண்டளையில் ஓடுவது. குப்பனும் வஞ்சியும் மலையேறி இரு மூலிகைகளைத் தேடுகின்றனர். உலகில் எங்கோ பேசுவது அதனை உண்டவர் காதில் விழும். அயல்நாட்டார் நம் நாட்டைப் பற்றிப் பேசுவதும், நம் நாட்டிலேயே ஒரு பாகவதர் அனுமன் மலையைப் பெயர்த்த கதையைச் சொல்வதும் கேட்கின்றன. தான் நிற்கும் மலையே பெயர்க்கப்படுவதாகக் குப்பன் நடுங்குகிறான்; வஞ்சி அவனைத் தேற்றித் தெளிவிக்கிறாள். அறிவின் பக்கம் நிற்பவளாகப் பெண்ணை வைத்தது 1930இல் எளிய செயலன்று. இக்காவியத்தை வகுப்பில் நடத்துந்தோறும் மாணவியர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுவே. நாட்டுப் பற்றும் பகுத்தறிவும் இந்த ஒரே பாட்டுக்குள் கைகோத்து நிற்பதையும் காணலாம்.

இவ்வாண்டுகளில் அவர் பல புனைபெயர்களில் எழுதினார். கண்டழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் எனப் பட்டியல் நீளும். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் முகமூடி அணிந்து எழுதியதில் வியப்பில்லை. ஆனால் நிலைத்தது 'பாரதிதாசன்'. தன்மானம் பேசும் இயக்கத்தில் நின்றுகொண்டு, ஒருவருக்குத் 'தாச'னாக, அதிலும் அந்தணர் குலத்தில் பிறந்த ஒருவருக்குத் தாசனாகப் பெயர் வைத்துக்கொண்டது குறித்து அவரைக் கேள்வி கேட்டோர் உண்டு. சாதியொழிப்பில் பாரதியார் காட்டிய துணிவைச் சுட்டி அவர் விடை சொன்னார், பெயரை விடவில்லை.

பெயரை மட்டுமன்று, அறிமுக வரியையும் அவர் விடவில்லை. 1935இல் அவர் ஓர் இதழ் தொடங்கினார்; முழுக்கக் கவிதைக்கென்றே வந்த இதழ். தமிழின் முதல் கவிதை இதழ் என்று ஆய்வாளர் பலர் அதனைக் குறிப்பர். அதன் பெயர் 'ஸ்ரீ சுப்ரமண்ய பாரதி கவிதா மண்டலம்'. சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னரும் 'ஸ்ரீ' என்ற எழுத்தோடு அப்பெயரை வைத்திருக்கிறார். தனித்தமிழ்ப் பற்றாளர்க்கு உறுத்தலாம். 'சுதேசமித்திர'னில் தமக்குக் கிடைத்த அந்த ஒரு வரியை இருபத்தைந்து ஆண்டுக்கு அருகில் நெஞ்சில் வைத்திருந்து, அதற்கு உருவம் கொடுத்தார் என்றே நான் இதனைக் கொள்கிறேன். பாரதியார் மகாகவியா அல்லரா என்று வ.ரா.வும் கல்கியும் பிறரும் வாதிட்ட 1935–36ஆம் ஆண்டுகள் அவை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பாரதியின் பெயரைக் கொடியாக உயர்த்திய அந்த இதழ் நெடுங்காலம் நடக்கவில்லை. சிற்றிதழ் நடத்தி அச்சகத்தாருக்கும் தாள் கடைக்கும் இடையே அலைந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

1937இல் 'புரட்சிக்கவி' வந்தது. 1938இல் 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதியைக் குஞ்சிதம் குருசாமி அம்மையார் வெளியிட்டார்; கடலூர் நாராயணசாமியின் உதவி அதற்கு இருந்தது. காவியம், இயற்கை, காதல், தமிழ், பெண்ணுலகு, புதிய உலகம் என்று அது பகுக்கப்பட்டிருந்தது. பக்திக்கென அதில் பகுதி இல்லை. நாடறிந்த பாரதிதாசன் இத்தொகுதியிலிருந்தே தொடங்குகிறார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தேழு. ஒரு பெண்மணியின் பதிப்பு முயற்சியால் அவர் தமிழுலகுக்கு முழுமையாகக் கிடைத்தார் என்பதை நம் வரலாறுகள் அடிக்குறிப்பாகவேனும் சொன்னால் நன்று.

மண்டலம் என்ற சொல் அத்துடன் ஓயவில்லை. 1947 முதல் 'பொன்னி' இதழ் இளங்கவிஞர் பலரைப் 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பில் வரிசையாக அறிமுகம் செய்தது. வாணிதாசன் அவரிடம் பள்ளியிலேயே பயின்றவர். தஞ்சை மாவட்டத்து இளைஞர் இராசகோபாலன் 1941இல் அவரைக் காணப் புதுவைக்கு வந்தார். அவருடைய இயற்பெயரை ஏற்றுச் 'சுப்புரத்தினதாசன்' ஆகிப் பின்னர்ச் 'சுரதா' எனச் சுருக்கிக்கொண்டார். 1955இல் சுரதா ஒரு வார இதழ் தொடங்கினார். 'காவியம்' என்ற அவ்விதழில் தலைப்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை கவிதையே இடம்பெற்றது.